ஓடு என்று யார் சொல்வது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவியபோது இந்திய நேரம் காலை ஆறரை ஆகவில்லை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சென்னையிலும் கடல் கரையேறியபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. நடுவே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயதானவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்தே ஊரைக் கடந்துவிடலாம். ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கம் நேர்ந்த கால் மணி நேரத்துக்குள் தன் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. தமிழ்நாட்டுக் கரையை அலை தொடுவதற்கு வெகு நேரம் முன்பே கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் சிதைந்துபோயிருந்தது. ஆனால் நாகப்பட்டினத்தின் கீச்சாங்குப்பத்தில் மீன் ஏலத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அதைச் சொல்ல ஆளும் இல்லை, வழியும் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும்.

அந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது. ஹைதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 அக்டோபர் முதல் இயங்குகிறது. கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தால் பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிக்கையைத் தர அதனால் முடியும். நில அதிர்வுமானிகள், கடலடி அழுத்தமானிகள், துறைமுகங்களிலுள்ள அலைமட்ட அளவிகள் எல்லாம் அதனுடன் இணைந்திருக்கின்றன. இனி நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைக்கத் தோன்றும். கடந்த நூறாண்டுகளின் சுனாமி வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கருவியே இல்லாத ஊர் முழுதாகத் தப்பியிருக்கிறது. உலகின் மிகச் சிறந்த கருவிகள் உள்ள நாட்டில் பல்லாயிரம் பேர் மாண்டிருக்கிறார்கள். எச்சரிக்கை வந்து சேர்வதற்கும் கால்கள் நகர்வதற்கும் நடுவே உள்ள சில நிமிடங்களில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

சிமலூ தீவின் பாடம்

2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் மக்கள் வாழ்ந்த இடங்களில் ஒன்று இந்தோனேசியாவின் சிமலூ தீவு. அதன் வடக்குக் கரையை அலை எட்ட ஆன நேரம் சுமார் எட்டு நிமிடம். அங்கே சங்கு ஊதவில்லை, வானொலி சொல்லவில்லை, எந்த அதிகாரியும் வரவில்லை. தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 78,000. இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே காலையில், சிமலூவைவிட அதிக அவகாசம் கிடைத்த ஆச்சே மாநிலத்தின் பெருநிலக் கரையில் இறந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

வேறுபாட்டின் வேர் 1907இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரியில் சிமலூவைப் பெரிய சுனாமி ஒன்று தாக்கியது. தப்பியவர்கள் அதை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தாலாட்டிலும் கதையிலும் அது வாழ்ந்தது. அதன் சாரம், நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு என்பதுதான். 97 ஆண்டு கழித்து நிலம் ஆடியபோது தீவில் யாரும் கூடிக் கலந்து பேசவில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. பாட்டி சொன்னதை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். ஒருவர் 'ஸ்மோங்' என்று கத்தியதும் மற்றவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் ஏறித் தப்பிய குன்றுகளும் ஊருக்கு அருகிலேயே இருந்தன.

பேரிடர்ச் சமூகவியல் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான். எச்சரிக்கையைக் கேட்டவுடன் மனிதர்கள் ஓடுவதில்லை. முதலில் அக்கம்பக்கம் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பூட்டுகிறாரா, வாசலில் நிற்கிறாரா என்று கவனிக்கிறார்கள். இன்னொருவரிடம் கேட்கிறார்கள், கைபேசியை எடுத்துப் பார்க்கிறார்கள், வீட்டுக்குப் பேசுகிறார்கள். இதை முட்டாள்தனம் என்றோ பீதி என்றோ சொல்லிவிட முடியாது. அறிமுகமில்லாத ஆபத்தை நம்பிக்கையான இன்னொருவர் வழியே உறுதிசெய்துகொள்வது மனித இயல்பு. சிமலூவில் அந்த உறுதிப்பாட்டுக்கு நேரமே தேவைப்படவில்லை. மற்ற கரைகளில் அந்த நேரமே உயிரைக் கொண்டுபோகிறது.

3 மீட்டர் என்ற எண்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிலம் அதிர்ந்தது. மூன்றே நிமிடத்தில் அந்நாட்டு வானிலை முகமை சுனாமி எச்சரிக்கை வெளியிட்டது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் மதிப்பீட்டில் நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று குறைத்துக் கணிக்கப்பட்டிருந்தது. அதனால் மியாகி மாநிலத்துக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமா மாநிலங்களுக்கு 3 மீட்டர் என்று அலை உயரம் அறிவிக்கப்பட்டது. 3.14 மணிக்கு அந்த எண்கள் உயர்த்தப்பட்டன. அதற்குள் பல ஊர்களில் மின்சாரம் போயிருந்தது. திருத்தம் பலரைச் சென்றடையவே இல்லை.

மூன்று மீட்டர்தானே, நம் தடுப்புச் சுவர் அதைவிட உயரம் என்று பலர் வீட்டிலேயே தங்கினார்கள். இவாத்தேயின் தாரோ ஊரில் 10 மீட்டர் உயரச் சுவர் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்கு நின்றது. அலை அதைத் தாண்டி வந்தது. சுவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் கடலே தெரியவில்லை. பாதுகாப்புக்காகக் கட்டியதே பார்வையை மறைத்தது. அந்தப் பேரிடரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 15,900 பேர், காணாமல் போனவர்கள் 2,500க்கு மேல். உயிரிழந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீரில் மூழ்கியே இறந்தார்கள். வயது கண்டறியப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் அறுபதைக் கடந்தவர்கள்.

இதிலிருந்து ஜப்பான் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டது. 2013 மார்ச் முதல், மிகப் பெரிய நிலநடுக்கமானால் முதல் அறிவிப்பில் மீட்டர்க் கணக்கு சொல்லப்படுவதில்லை. 'மிகப் பெரியது' என்ற சொல்லே வரும். தொலைக்காட்சி அறிவிப்பாளர்களின் குரலும் மாறியது. 2024 புத்தாண்டு நாளில் நோத்தோ தீபகற்பத்தில் நிலம் ஆடியபோது பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் அறிவிப்பாளர், வழக்கமான நிதானத்தை விட்டு, உடனே ஓடுங்கள் என்று உரத்த குரலில் கட்டளையிட்டார். எண் வந்தால் மனம் கணக்குப் போட உட்கார்ந்துவிடும் என்பதை அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றிருந்தார்கள்.

ஒரே நாள், இரண்டு பள்ளிகள்

மியாகியின் இஷினோமாக்கி நகரில், கித்தகாமி ஆற்றங்கரையில், கடலிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருந்தது ஓக்காவா தொடக்கப்பள்ளி. ஆபத்து வரைபடத்தில் அது வெள்ளம் எட்டாத இடம். நில அதிர்வு நின்றதும் ஆசிரியர்கள் பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துவந்து வரிசையில் நிறுத்தினார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு குன்று. பாட வேலையாகப் பிள்ளைகள் ஏறிப் பழகிய குன்று. சில பெற்றோர்கள் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். நகராட்சி வண்டி ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டு போனது. குன்றில் மரம் விழுமோ, மண் சரியுமோ என்று பேச்சு நீண்டது. இப்படி முக்கால் மணி நேரம் கடந்தது. கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே உள்ள சிறு மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கியபோது அலை ஆற்றின் வழியே ஏறிவந்தது. 108 மாணவர்களில் 74 பேரும் ஆசிரியர்கள் 10 பேரும் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். எங்கே வெளியேறுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைக்காததே பள்ளியும் நிர்வாகமும் செய்த பிழை என்று 2018இல் செந்தாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை இறுதியாக்கியது.

அதே நாளில் இவாத்தேயின் கமாயிஷி நகரில் நடந்தது வேறு. குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தொஷிதாகா கத்தாதா பல ஆண்டுகளாக அந்நகரப் பள்ளிகளுடன் உழைத்திருந்தார். அவர் பிள்ளைகளுக்குச் சொன்னவை மூன்று: வரைபடத்தை நம்பி இருந்துவிடாதே, இருக்கும் நிலையில் உன்னால் ஆன மட்டும் செய், முதல் ஆளாக நீ ஓடு. உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் யார் உத்தரவுக்கும் காத்திராமல் ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி ஓடினார்கள். குறித்துவைத்திருந்த இடத்தை அடைந்தபோது அங்கே மலைச்சரிவு பெயர்ந்திருந்தது. இது போதாது என்று மேலும் உயரத்துக்குப் போனார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்திருந்தார்கள். வழியில் கண்ட முதியவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். அவர்கள் விட்டுவந்த பள்ளிகளை நீர் மூழ்கடித்தது. கமாயிஷியின் தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேரில் சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள்.

இந்தக் கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. இதே உனோசுமாயின் இன்னொரு கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அங்கே தாழ்வான இடத்தில் வட்டாரப் பேரிடர்த் தடுப்பு மையம் ஒன்று இருந்தது. சுனாமிக்கு அது அதிகாரப்பூர்வப் புகலிடமாகக் குறிக்கப்படவில்லை. ஆனால் மேட்டுக்கு ஏறுவது முதியவர்களுக்குச் சிரமம் என்பதால், ஒத்திகைக்கு அதிகம் பேர் வரட்டும் என்று, அந்த மையத்திலேயே ஒத்திகை நடத்தினார்கள். உண்மையான அலை வந்த நாளில் மக்கள் பழகிய இடத்துக்கே போனார்கள். அங்கே சுமார் 160 பேர் இறந்ததாக நகராட்சியின் விசாரணை மதிப்பிட்டது. ஒத்திகை செய்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது. ஒத்திகை உடம்புக்கு வழி சொல்லித்தருகிறது. தவறான வழியைச் சொல்லித்தந்தால் உடம்பு அதையும் அப்படியே கற்றுக்கொள்ளும்.

குடும்பம் பின்னுக்கு இழுக்கும்போது

2011 பேரிடரிலிருந்து தப்பியவர்களிடம் ஜப்பானிய அரசு நடத்திய கணக்கெடுப்பில், உடனே வெளியேறியதாகச் சொன்னவர்கள் பாதிக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்டே கிளம்பியிருக்கிறார். அந்த வேலைகளில் முன்னே நிற்பவை வீட்டுக்குத் திரும்பியதும், குடும்பத்தாரைத் தேடியதும் அழைத்துவரப் போனதும்தான். கடலைப் பார்த்தபடி கடலை நோக்கியே வண்டி ஓட்டிய தந்தையர் இருந்தார்கள். பாசம் அவர்களை இழுத்தது.

ஜப்பானின் வடகிழக்கிலுள்ள சன்ரிகு கரையில் இதற்காகவே நெடுங்கால நியதி ஒன்று உண்டு. அவரவர் தனியே ஓட வேண்டும், யாருக்காகவும் திரும்பக் கூடாது. கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். 1896இல் அங்கே சுமார் 22,000 பேர் இறந்த சுனாமிக்குப் பின், ஒருவரையொருவர் தேடிப்போய்க் குடும்பம் குடும்பமாக அழிந்ததைப் பார்த்து உருவான நியதி அது. அது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. என் பிள்ளை ஓடியிருப்பாள், என் அம்மாவை அண்டைவீட்டார் தூக்கியிருப்பார்கள் என்ற நம்பிக்கை முன்பே வீட்டில் பேசி உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்காத வீட்டில் தாயிடம் திரும்பாதே என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அவள் திரும்புவாள்.

நம் கரையில் இதன் விலையைப் பெண்களே அதிகம் கொடுத்தார்கள். ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. இந்தோனேசியாவின் ஆச்சே பெசாரிலும் இதே நிலைதான்: நான்கு கிராமங்களில் உயிர் தப்பிய 676 பேரில் பெண்கள் 189 பேர் மட்டுமே. காரணத்தைக் கரையோர வாழ்க்கையே சொல்லும். அந்த நேரத்தில் ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி படகை லேசாக உயர்த்தித் தாழ்த்திப் போய்விடும். பெண்கள் கரையில், வரும் படகுக்குக் கூடையோடு காத்திருந்தார்கள். அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். புடவை காலைச் சுற்றியது. கூந்தல் முள்ளிலும் வேலியிலும் சிக்கியது. நீச்சலும் மரமேறுவதும் பையன்களுக்கு மட்டுமே கற்றுத்தரப்பட்டிருந்தன. ஒரு கையில் ஒரு பிள்ளை, மறு கையில் இன்னொன்று என்றால் எதைப் பிடித்து ஏறுவது? பெண்கள் பலவீனமானவர்கள் என்பதால் இறக்கவில்லை. குடும்பத்தின் சுமை முழுவதும் அவர்கள் கையில் இருந்தபோது அலை வந்தது.

சோழமண்டலக் கரையின் கணக்கு வேறு

சிமலூவின் விதியை அப்படியே எடுத்துவந்து நம் ஊரில் ஒட்டிவிட முடியாது. அங்கே நிலம் ஆடியதே எச்சரிக்கை. நமக்கோ ஆபத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது. 2004இல் சென்னையில் சிலர் லேசான அதிர்வை உணர்ந்தார்கள். பலர் தூக்கத்தில் உணரவேயில்லை. கடல் உள்வாங்கினால் ஓடு என்ற பாடமும் இங்கே பாதிதான் பொருந்தும். அன்று பிளவின் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம், கடல் முதலில் வற்றியது. மேற்கே, இலங்கைக்கும் நமக்கும், பெரும்பாலும் நீரே முதலில் ஏறிவந்தது. வற்றியது அதற்குப் பிறகு. கடல் வற்றட்டும் என்று காத்திருப்பவர் நம் கரையில் முதல் அலையிலேயே சிக்குவார்.

அதோடு, முதல் அலை போனால் எல்லாம் போயிற்று என்ற நினைப்பும் கொல்லும். இலங்கையின் பெரலியவில் முதல் அலை ரயிலை நிறுத்தியது. ஊர்மக்கள் பலர் அந்த ரயில் பெட்டிகளையே பாதுகாப்பான இடமென்று எண்ணி ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். போயா (பௌர்ணமி) விடுமுறை நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ரயில் நிறைந்திருந்தது. அலைகளுக்கு நடுவே இருபது நிமிடமோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் மக்கள் உடைமையைத் தேடவும் உறவைத் தேடவும் திரும்புகிறார்கள்.

நமக்கு நினைவும் துணைக்கு இல்லை. 1881இல் கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தின் சுனாமியை நாகப்பட்டினத்து அலைமட்ட அளவி பதிவுசெய்தது. உயரம் சிறியது, மக்கள் மனதில் தங்கவில்லை. அறிவியல் ஏடுகளில் இருந்த செய்தி குப்பத்துக்கு வரவே இல்லை. ஆகவே நம் கரைக்கு இயற்கையின் அறிகுறியும் போதாது, மூத்தோர் நினைவும் போதாது. வெளியிலிருந்து வரும் செய்தி நமக்கு அவசியம். அந்தச் செய்தியை ஊரே நம்பும் ஒரு குரல் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு குரல் 2004லேயே ஓர் ஊரில் ஒலித்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையம் ஒன்றை நடத்திவந்தது. கடல் எப்படியிருக்கிறது, அலை எவ்வளவு எழும் என்று அதன் ஒலிபெருக்கி தினமும் சொல்லும். கடலுக்குப் போகலாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவெடுப்பார்கள். அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் ஓடச் சொன்னார்கள். ஊர் ஓடியது. உயிரிழப்பு இல்லை. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைக்கப்பட்டதல்ல. அன்றாடம் பயன்பட்டதால், சொன்னது பலித்ததால், ஆபத்து நாளிலும் அதை நம்பினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அலறும் சங்குக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது.

அலை வராமல் போன நாட்கள்

2004 டிசம்பர் 30 அன்று மத்திய உள்துறையிலிருந்து வந்த ஆதாரமற்ற எச்சரிக்கை நிவாரண முகாம்களையே கலைத்து மக்களை ஓடவிட்டது. 2005 மார்ச்சில் நியாஸ் தீவருகே நிலம் அதிர்ந்தபோது இரவோடு இரவாகக் கரைகள் காலியாயின. பெரிய அலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ரா அருகே 8.6 அளவில் அதிர்ந்தபோது சென்னையில் கட்டடங்களிலிருந்து மக்கள் வெளியே வந்தார்கள். மெரினாவிலிருந்து கூட்டம் வெளியேற்றப்பட்டது. கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் நீர் அதிகம் எழவில்லை. அன்று பண்டா ஆச்சேயில் நடந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மக்கள் உடனே கிளம்பினார்கள். ஆனால் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் கிளம்பினார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டன. சுனாமிக்கென்றே கட்டிய உயரமான புகலிடக் கட்டடங்களை நாடியவர்கள் சிலரே. பெரிய அலை வந்திருந்தால் நெரிசலிலேயே சிக்கியிருப்பார்கள். ஓட வேண்டும் என்பதை 2004 கற்றுத்தந்தது. எப்படி, எங்கே என்பதை யாரும் கற்றுத்தரவில்லை.

வராத அலைக்காக ஓடியது வீண் என்று மக்கள் எண்ணிவிட்டால் அடுத்த முறை அசைய மாட்டார்கள். அதனால் ஓடிய ஒவ்வொரு முறைக்கும் பிறகு, ஏன் எச்சரித்தோம், ஏன் அலை வரவில்லை என்று ஊரில் வந்து விளக்குவது அதிகாரிகளின் கடமை. அந்த விளக்கத்தைத் தருகிறவர்களையே மக்கள் மீண்டும் நம்புவார்கள்.

ஊர் எடுக்க வேண்டிய முடிவுகள்

யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' திட்டத்தில் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கடலோரக் கிராமங்கள் 2020இல் அங்கீகாரம் பெற்றன. வரைபடம், வழி, ஒத்திகை, எச்சரிக்கை வந்துசேரும் இருபத்துநான்கு மணி நேர ஏற்பாடு எனப் பல அளவுகோல்களை அவை நிறைவேற்றின. தமிழ்நாட்டின் ஒவ்வொரு குப்பமும் அந்த நிலையை எட்ட வேண்டும். அதற்கு முன் சில முடிவுகளை ஊரே எடுத்தாக வேண்டும்.

முதலாவது, எங்கிருந்து ஓடுவது. 2004க்குப் பின் கட்டிய சுனாமிக் குடியிருப்புகள் பல கடலிலிருந்து விலகி இருக்கின்றன. ஆனால் காலையில் ஊரின் பாதி ஏலக்கரையிலும் வலை பின்னும் இடத்திலும் கருவாடு காயும் மணலிலும் இருக்கிறது. ஒத்திகை வீட்டு வாசலிலிருந்து தொடங்கினால் பயனில்லை. ஏலம் நடக்கும் நேரத்தில், ஏலம் நடக்கும் இடத்திலிருந்து நடத்த வேண்டும். கடலில் உள்ள படகுகளுக்கான விதி நேர் எதிரானது: கரைக்குத் திரும்பாதே, ஆழத்துக்குப் போ.

இரண்டாவது, எங்கே போவது. நம் கரையில் குன்று இல்லை. உள்ளே செல்லும் சாலைகள் குறுகியவை. கழிமுகமும் வாய்க்காலும் குறுக்கே கிடக்கின்றன, அலை அவற்றின் வழியேதான் முதலில் உள்ளே நுழையும். நடந்தே அடையக்கூடிய உறுதியான மாடிக் கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் யார் திறப்பார் என்பது எழுதிவைக்கப்பட வேண்டும். நடக்க முடிந்தவர் வண்டி எடுக்கக் கூடாது.

மூன்றாவது, யாரை யார் தூக்குவது. நடக்க முடியாத ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அண்டைவீட்டு இருவர் பெயர் இருக்க வேண்டும். பள்ளியில் இருக்கும் பிள்ளையைத் தேடிப் பெற்றோர் வரமாட்டார்கள் என்று பள்ளியும், பள்ளி அவர்களைக் கொண்டுபோயிருக்கும் என்று பெற்றோரும் நம்பும்படி இருதரப்பும் கூடிப் பேச வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டும். ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் மட்டும் அமர்ந்து இந்தத் திட்டத்தைத் தீட்டினால் அது கரையில் நிற்பவர்களுக்கு உதவாது.

நான்காவது, ஓடு என்று யார் சொல்வது. ஆட்சியர் அலுவலகத்துச் செய்தி ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்து, அவர்கள் கூடி முடிவெடுக்கக் காத்திருந்தால் அது ஓக்காவாவின் விளையாட்டுத் திடலாகிவிடும். செய்தி வந்ததும் யாரையும் கேட்காமல் ஒலிபெருக்கியை எடுக்கும் அதிகாரம் சிலருக்கு முன்கூட்டியே தரப்பட வேண்டும். அவர்களில் பெண்களும் இளைஞர்களும் இருக்க வேண்டும். தவறாகச் சொன்னாலும் ஊர் அவர்களைக் குறை சொல்லாது என்ற உறுதியும் வேண்டும்.

2004க்குப் பிறகு பிறந்த ஒரு தலைமுறை இப்போது கடலுக்குப் போகிறது. அவர்களுக்குச் சுனாமி என்பது குடியிருப்பின் பெயரும் நினைவுத் தூணும்தான். அடுத்த பேரலை அவர்கள் காலத்தில் வரலாம், பேரப்பிள்ளைகள் காலத்திலும் வரலாம். எத்தனை கருவிகள் நிறுவினோம், எத்தனை நொடியில் அறிவித்தோம் என்பதை நம் தயார்நிலையின் அளவுகோலாக இனியும் கொள்ளக் கூடாது. அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில், ஏலக்கரையில் நின்ற பெண்ணும் அவள் பிள்ளைகளும் நடக்க முடியாத அவள் மாமியாரும் மாடியில் இருக்கிறார்களா என்பதைக் குப்பம் குப்பமாக, ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கையை அரசும் ஊரும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.